பாவலர் வரதராசன்: மலையேறிய மெட்டு

நாட்டுக்கு எல்லை உண்டு. பாட்டுக்கு எல்லை இல்லை. நிலப்படத்தில் ஒரு கோடு கிழித்து, இப்புறம் தமிழகம், அப்புறம் கேரளம் என்று பிரித்துக் காட்டிவிடலாம். போடி மெட்டில் வீசும் காற்றை அவ்வாறு பிரிக்க இயலுமா? கம்பம் பள்ளத்தாக்கில் நாற்று நடும் பெண் பாடிய தெம்மாங்கைத்தான் மேலே தேவிகுளத்தில் கொழுந்து கிள்ளிய பெண்ணும் பாடினாள். மெட்டு ஒன்று. கீழே பாடும்போது வயலும் வரப்பும் சொல்லில் வரும். மேலே பாடும்போது பனியும் அட்டைக்கடியும் வரும். வேறுபாடு அவ்வளவே.

அந்த மெட்டை ஓர் ஆர்மோனியப் பெட்டியோடு சேர்த்து மலைக்குக் கொண்டு சென்றவர் ஒருவர் இருந்தார். பாவலர் வரதராசன் என்பது அவர் பெயர். இசையமைப்பாளர் இளையராஜாவின் தமையனார் என்ற அளவில் நம்மில் பலரும் அவரை அறிவோம். அதற்குமேல் கேட்டால் பெரும்பாலோர் வாய் திறப்பதில்லை. தம்பியின் புகழொளியில் தமையனின் முகம் மங்கிவிட்டது. அந்த முகத்தை ஒருமுறையேனும் விளக்கின் அருகே கொண்டுவந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

இதை எழுதும் நான் இசைப்புலவன் அல்லேன். இயற்பியல் முதுகலை பயிலும் மாணவன், வயது 23. தேனிப் பக்கத்திலிருந்து மூணாற்று மலைக்குப் பிழைக்கச் சென்ற குடும்பத்தில் பிறந்தவன். பாடநூலை மூடிய பின் விடுதி அறையில் கித்தாரை எடுத்து வைத்துக்கொள்வது என் வழக்கம். ராக் இசையில் எனக்குத் தீராத பற்று. நம் மன்றத்து நண்பர்கள் இதுபற்றி என்னிடம் கேட்பதுண்டு. தமிழ் மாணவர் மன்றத்தில் இருந்துகொண்டு இந்த அன்னிய முழக்கம் ஏன் என்பார்கள் சிலர். அறிவியல் படிப்பவனுக்குப் பாட்டுக் கட்டும் ஆசை எங்கிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். இரண்டு கேள்விக்கும் விடை தேடிக்கொண்டிருந்தபோதுதான் வரதராசனின் வாழ்க்கை என் கண்ணில் பட்டது. விடை அங்கே இருந்தது.

மலையும் மக்களும்

முதலில் மலையைச் சொல்ல வேண்டும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ என்ற ஆங்கிலேயர் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளை உரிமையாகப் பெற்றார். காடு அழிந்தது, தேயிலை எழுந்தது. கொழுந்து பறிக்க ஆள் வேண்டுமே! கங்காணிகள் மலையிறங்கி வந்தார்கள். மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய குடும்பங்களுக்கு முன்பணம் கொடுத்து அழைத்துச் சென்றார்கள். போடி வழியாகவும் கம்பம் வழியாகவும் அவர்கள் நடந்தே ஏறினார்கள். விளைந்த தேயிலைக்கு மட்டும் நடக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மலைமுகட்டின் டாப் ஸ்டேஷனிலிருந்து அடிவாரத்துக் கொட்டகுடி வரையில் கம்பிவடத்தில் தொங்கியபடி அது இறங்கிற்று.

ஏறிய மக்கள் கையில் கொண்டு சென்றது மிகச் சிறிது. மனத்தில் கொண்டு சென்றது மிகப் பெரிது. தாலாட்டு, ஏற்றப்பாட்டு, கும்மி, தெம்மாங்கு, ஒப்பாரி என்று பிறப்பு முதல் இறப்பு வரை ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மெட்டு அவர்களிடம் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள் கொண்ட லயங்களில் அந்த மெட்டுகள் குடியேறின. என் அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு மாலை முழுதும் பாடினாலும் பாடிய பாட்டைத் திரும்பப் பாடமாட்டார்.

1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. தேவிகுளமும் பீர்மேடும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று கிளர்ந்தவர்கள் பலர். அவை கேரளத்தோடு நின்றன. அதே நாளில் சென்னை மாநிலத்து மலபார் மாவட்டம் கேரளத்துக்குச் சென்றது. அதனோடு பாலக்காடும் சென்றது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலும் தேவிகுளம், பீர்மேட்டுப் பக்கத்திலும் வாழ்ந்த தமிழர், இருந்த இடத்திலிருந்து ஓர் அடியும் நகராமலே இன்னொரு மாநிலத்தின் சிறுபான்மையினர் ஆனார்கள். இந்தச் சூழலில்தான் வரதராசனின் குரல் மலைமேல் ஒலித்தது.

பண்ணைப்புரத்துப் பிள்ளை

உத்தமபாளையம் வட்டத்தில், மேற்கு மலைத்தொடரின் அடியில் இருக்கிறது பண்ணைப்புரம். அந்நாளில் அது மதுரை மாவட்டம். இந்நாளில் தேனி மாவட்டம். அவ்வூர் இராமசாமியின் பிள்ளைகள் வரதராசன், பாஸ்கர், ராசையா, அமர்சிங் ஆகிய நால்வரும் இசையோடு வாழ்ந்தவர்கள். இளையவர் மூவரின் தாயார் சின்னத்தாயம்மாள். ராசையா பின்னாளில் இளையராஜா ஆனார். அமர்சிங் கங்கை அமரன் ஆனார். மூத்தவர் வரதராசன் ஊராருக்குப் பாவலர் ஆனார்.

பாவலர் என்ற சொல்லுக்குப் பொருள் பாட்டுக் கட்டுபவர். வரதராசனுக்கு அது பட்டமாக மட்டும் இருக்கவில்லை, தொழிலாகவே இருந்தது. பாட்டை அவரே எழுதுவார். ஆர்மோனியத்தில் கை வைத்து அவரே பாடுவார். அவர் நின்ற மேடை பொதுவுடைமைக் கட்சியின் மேடை. கூலி, நிலம், விலைவாசி, பசி ஆகியவையே அவர் பாட்டின் பொருள்.

அவருடைய முறையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். மக்களுக்கு முன்னமே தெரிந்த மெட்டை அவர் எடுத்துக்கொள்வார். அது நாட்டுப்புறத் தெம்மாங்காக இருக்கலாம். அந்த வாரம் கொட்டகையில் ஓடும் படத்தின் பாட்டாகவும் இருக்கலாம். அதில் பழைய சொல்லை எடுத்துவிட்டு இன்றைய செய்தியை வைப்பார். கேட்பவனுக்கு மெட்டு பழகியது. ஆகவே செவி உடனே திறந்துகொள்ளும். சொல் புதியது, ஆகவே சிந்தனை விழித்துக்கொள்ளும். அன்று மாலை கேட்ட பாட்டை மறுநாள் காலையில் அவனே வேலைக்காட்டில் முணுமுணுப்பான். அச்சகமும் வேண்டாம், தாளும் வேண்டாம். எழுத்தறியாத மக்களிடம் இதைவிட விரைவாகச் செல்லும் நாளிதழ் உண்டோ?

இதைப் போலிப்பாட்டு என்று ஒதுக்குவோர் உண்டு. மெட்டு சொந்தமாக இல்லாதபோது படைப்பு எங்கே என்பர். தாலாட்டுப் பாடும் தாயின் மெட்டு யாருக்குச் சொந்தம்? ஒவ்வொரு தாயும் அதே மெட்டில்தான் தன் பிள்ளையின் பெயரையும், தன் அண்ணன்மார் கொண்டுவரும் சீரையும், தன் துயரையும் சேர்த்துப் பாடுகிறாள். எந்த இரு தாலாட்டும் ஒன்றில்லை. நாட்டுப்புறப் பாட்டின் இலக்கணமே அதுதான். வரதராசன் அந்த இலக்கணத்தைத் தொட்டிலிலிருந்து எடுத்து மேடையில் வைத்தார்.

1958: தேவிகுளம்

1957இல் கேரளத்தில் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 126 இடங்களில் பொதுவுடைமைக் கட்சிக்கு 60 கிடைத்தன. கட்சி சாராத 5 பேரின் துணையோடு இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவை அமைத்தார். மிக மெல்லிய பெரும்பான்மை. ஓரிரண்டு இடம் குறைந்தாலும் ஆட்டம் காணும். அத்தேர்தலில் தேவிகுளத்தில் வென்றவர் ரோசம்மா புன்னூஸ் அம்மையார். ஆனால் வேட்புமனு ஒன்று முறையின்றித் தள்ளப்பட்டது என்று தொடுத்த வழக்கில் அவருடைய வெற்றி செல்லாமற் போயிற்று. 1958இல் அங்கே இடைத்தேர்தல் வந்தது. கேரள மாநிலத்தின் முதல் இடைத்தேர்தல் அது. நாடே தேவிகுளத்தைப் பார்த்தது.

வேட்பாளர் மலையாளி. வாக்காளரில் பெரும்பகுதியினர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர். பகல் முழுதும் மலைச்சரிவில் நின்று, மாலையில் லயத்துக்குத் திரும்பும் அவர்களுக்கு நீண்ட சொற்பொழிவைக் கேட்கப் பொறுமை ஏது? அவர்களிடம் அவர்கள் மொழியில், அவர்கள் மெட்டில் பேச ஒருவர் தேவைப்பட்டார். பண்ணைப்புரத்திலிருந்து வரதராசன் மலையேறினார். அவரோடு 15 வயதை ஒட்டிய தம்பி ராசையாவும் ஏறினார். குரல் உடையாத பருவமாதலால் பெண்குரலில் பாட வேண்டிய பகுதிகள் அவருக்கு உரியவை ஆயின.

அந்தக் காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். எங்கள் மலையின் மாலைப்பனி எனக்குத் தெரியும். எதிரே நிற்பவர் முகம் தெரியாத வெண்மை அது. அந்த வெண்மைக்குள்ளிருந்து ஓர் ஆர்மோனியம் எழுகிறது. தொடர்ந்து ஒரு குரல் எழுகிறது. கேட்பவருக்கு அது கட்சிக்காரரின் குரலாகவா தோன்றியிருக்கும்? பாட்டனார் விட்டுவந்த ஊரின் குரலாகவன்றோ தோன்றியிருக்கும்! ரோசம்மா அம்மையார் மீண்டும் வென்றார். வெற்றிக்குக் காரணங்கள் பல இருக்கும். எனினும் அந்தத் தேர்தலைப் பற்றிப் பேசுவோர் வரதராசனின் பாட்டைச் சொல்லாமல் விடுவதில்லை. 1959 சூலை 31இல் அந்த அமைச்சரவை நீக்கப்பட்டது. ஆட்சி போயிற்று; பாட்டு நின்றது.

பெட்டியும் பறையும்

இனி அறிவியல் மாணவன் என்ற முறையில் சிறிது சொல்ல இசைவு தருக.

வரதராசன் கையில் இருந்த ஆர்மோனியம் பிறப்பால் நம் நாட்டுக் கருவியன்று. 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பிறந்து, நம் நாட்டுக்கு வந்து, தரையில் அமர்ந்து கையால் துருத்தி இயக்கும் வடிவம் பெற்றது. இது அன்னியக் கருவி, நம் இசையின் கமகத்துக்கு ஒத்துவராது என்று சொல்லி, 1940 முதல் 1971 வரை அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்திருந்தது. வரதராசனின் மேடை வாழ்க்கை ஏறத்தாழ முழுவதும் இந்த விலக்குக் காலத்துக்குள் அடங்கிவிடுகிறது. வானொலி தள்ளிய பெட்டியை மக்கள் மேடை அணைத்துக்கொண்டது. இன்று கித்தாரைப் பார்த்து முகம் சுளிக்கும் நண்பர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். கருவிக்குக் குலம் கேட்பது பயனற்றது. யார் கையில், யாருக்காக ஒலிக்கிறது என்று கேட்பதே பொருத்தம்.

ஆர்மோனியத்தில் ஒலிப்பது உலோக நாக்கு. காற்று அதை விட்டுவிட்டு வெட்டுவதால் அடிப்படைச் சுரத்தோடு மேற்சுரங்கள் பல சேர்ந்து எழும். அந்தச் செறிவினால்தான் அது திறந்த வெளியிலும் கூட்டத்தின் இரைச்சலைத் துளைத்துச் செல்கிறது. ராக் இசைக்காரர் தம் கித்தாரின் மின்குறியை மிகைப்படப் பெருக்குவர். ஒலிபெருக்கியின் எல்லையைத் தாண்டும்போது அலையின் முகடுகள் வெட்டுப்படும். அப்போதும் எழுவது புதிய மேற்சுரங்களின் கூட்டமே. நண்பர்கள் இரைச்சல் என்று சொல்லும் அந்தக் கரகரப்பும், நம் ஊர்த் திருவிழாப் பெட்டியின் கரகரப்பும் இயற்பியலில் நெருங்கிய உறவினர்.

பறைக்கு வருவோம். வட்டத் தோலின் அடிப்படை அதிர்வெண்ணை 1 என்று கொண்டால், அடுத்தடுத்து எழுபவை ஏறத்தாழ 1.59, 2.14, 2.30 என்று முழு எண்களுக்கு இடையே விழும். ஆகவே பறை ஒரு சுரத்தைச் சொல்லாது. அடியைச் சொல்லும், ஆணையிடும். மிருதங்கத்திலும் தபலாவிலும் நடுவே இடும் கரிய பூச்சு அந்த எண்களை முழு எண்களை நோக்கி நகர்த்திச் சுரம் பேச வைக்கிறது. சர் சி.வி. இராமன் 1920இல் நேச்சர் இதழில் இதை எடுத்துக்காட்டினார். பறையடிப்பவர் இராமனின் கட்டுரையைப் படித்தவர் அல்லர். ஆயினும் தோலை நெருப்பில் காய்ச்சினால் ஈரம் நீங்கி இழுவிசை கூடும், ஒலி உயரும் என்பதை அவர் அறிவார். மலைப்பனியில் அரைமணிக்கு ஒருமுறை காய்ச்ச வேண்டியிருப்பதையும் அறிவார். அறிவு ஏட்டில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கடலுக்கு அப்பால் ஒரு பாட்டு

ராக் இசைக்கும் இதற்கும் தொடர்பு என்ன என்ற கேள்வி இன்னும் நிற்கிறது. ஒரு பாட்டின் பயணத்தைச் சொன்னால் விளங்கும்.

1934இல் ஜான் லோமாக்ஸ் என்ற நாட்டுப்புறப் பாடல் தொகுப்பாளர் அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்துச் சிறைக்குச் சென்றார். அங்கே கறுப்பினக் கைதிகள் ஓர் இரயில் பாதையைப் பற்றிப் பாடிய பாட்டை ஒலிப்பதிவு செய்தார். ராக் ஐலண்டு லைன் என்பது அதன் பெயர். உடன் சென்றிருந்த லெட்பெல்லி என்ற கறுப்பினப் பாடகர் அதைக் கற்றுத் தம் பாட்டாக்கிக்கொண்டார். 1954இல் இலண்டனில் லானி டோனிகன் அதைக் கித்தாரோடு பாடிப் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டைக் கேட்ட ஆங்கிலேய இளைஞர்கள் ஊருக்கு ஊர் குழு அமைத்தார்கள். லிவர்ப்பூலில் ஜான் லெனன் என்ற மாணவர் அமைத்த குழுதான் பின்னர் பீட்டில்ஸ் ஆயிற்று. உலகை ஆட்டிய ராக் இசையின் ஒரு வேர், சிறைக்குள் உழைத்த மனிதரின் தொண்டையில் இருந்தது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. கருவி வாங்கப் பணமில்லாத அந்த ஆங்கிலேய இளைஞர்கள், தேயிலை வந்திறங்கிய மரப்பெட்டியில் ஒரு கழியை நட்டு, ஒரு கயிற்றைக் கட்டி, அதையே அடித்தொனிக் கருவியாக மீட்டினார்கள். எந்த மலையில் எந்தப் பெண் கிள்ளிய கொழுந்து அந்தப் பெட்டியில் இருந்ததோ, யார் அறிவார்? அதை எண்ணும்போதெல்லாம் ராக் இசை எனக்கு அன்னியமாகத் தோன்றுவதில்லை.

வரதராசனை ஒத்த ஒருவரும் அங்கே இருந்தார். உட்டி கத்ரி என்பது அவர் பெயர். 1912இல் ஒக்லகோமாவில் பிறந்து 1967இல் மறைந்தவர். புழுதிப்புயலில் நிலமிழந்து கலிபோர்னியாவுக்குப் பிழைக்கச் சென்ற மக்களின் முகாம்களில் பாடியவர். பக்திப்பாட்டின் மெட்டையும் பழம்பாட்டின் மெட்டையும் எடுத்து, அதில் கூலியையும் பசியையும் வைத்துப் பாடினார். 1961இல் நோயுற்றிருந்த அவரைத் தேடிச் சென்று வணங்கிய இளைஞர்தான் பாப் டிலன். அந்த டிலன் 1965இல் நியூபோர்ட்டு விழாவில் மின்கித்தாரை எடுத்தபோது நாட்டுப்புற இசைப் பற்றாளர் பலர் சினந்தார்கள். காலம் டிலனோடு நின்றது.

கத்ரியை வரதராசன் அறிந்திருந்தாரா என்று கேட்க வேண்டுவதில்லை. ஊரை விட்டுப் பிழைக்கப் போன மக்களும் அவர்கள் முன் நிற்கும் பாடகனும் எங்கே இருந்தாலும் இந்த முறை தானே பிறக்கும். ஓக்லகோமாவில் பிறந்தால் கித்தார். பண்ணைப்புரத்தில் பிறந்தால் ஆர்மோனியம்.

தமையனும் தம்பியரும்

1960களில் பாவலர் சகோதரர்கள் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள். வரதராசன் தம் ஆர்மோனியத்தைத் தம்பியர் தொடுவதற்கு எளிதில் ஒப்பமாட்டார். மறைவாகத் தொட்டுப் பழகினார் ராசையா. குரல் உடைந்து பெண்குரல் போனபின், விரல் அந்தக் குரலின் இடத்தைப் பிடித்தது. எந்த மெட்டைக் கேட்டாலும் அக்கணமே வாசிப்பது, எந்தச் சொல்லுக்கும் உடனே மெட்டு அமைப்பது, கூட்டத்தின் முகம் பார்த்துத் தாளத்தை மாற்றுவது ஆகியவை மேடையில் கிடைத்த கல்வி. எந்தக் கல்லூரியும் அதைத் தராது.

1968ஐ ஒட்டி ராசையா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார், கித்தாரும் கற்றார். தம்பியர் திரைத்துறையின் வாயிலில் காத்திருந்த காலத்தில், 1973இல், வரதராசன் முதுமை காணாமலே மறைந்தார். மூன்றாண்டு கழித்து, 1976இல் 'அன்னக்கிளி' வந்தது. வயல்வெளிப் பாட்டு நகரத்துத் தெருக்களிலெல்லாம் ஒலித்தது. தமையன் அதைக் கேட்கவில்லை.

ஆனால் அதில் தமையன் இல்லையா? நாட்டுப்புற மெட்டின்மேல் புதியதை வைக்கலாம் என்று தம்பிக்குக் காட்டியவர் அவரன்றோ! வரதராசன் பழைய மெட்டில் புதிய சொல்லை வைத்தார். இளையராஜா தெம்மாங்கின் கீழே மேலை இசையின் அடித்தொனியையும், உடுக்கைக்கும் தவிலுக்கும் பக்கத்தில் மின்கித்தாரையும் வைத்தார். செயல் வேறு, துணிவு ஒன்றே. 1981இல் வந்த 'அலைகள் ஓய்வதில்லை' படத்தைத் தயாரித்த பாஸ்கரின் நிறுவனத்துக்குப் பெயர் பாவலர் கிரியேஷன்ஸ். 2025 மார்ச் 8இல் இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியது. அந்த அரங்கத்துக்குச் செல்லும் வழி பண்ணைப்புரத்தில் தொடங்கி, தேவிகுளத்து லயங்களின் முன்னே சென்ற வழி என்பதை நாம் மறக்கலாகாது.

உந்துதல் எங்கிருந்து வருகிறது?

கலைஞனின் உந்துதல் உள்ளத்தின் தனிமையில் ஊறுவது என்று பலரும் எழுதுகிறார்கள். அது பொய்யன்று. ஆனால் வரதராசனின் வாழ்க்கை வேறொன்றைக் காட்டுகிறது. எதிரே மக்கள் நிற்கிறார்கள். இன்று மாலைக்குள் அவர்களுக்கு ஒரு பாட்டு வேண்டும். அந்தத் தேவையே அவருக்கு ஊற்றாயிற்று. நிலைத்த புகழுக்காக அவர் எழுதியதாகத் தெரியவில்லை. அன்றைய மாலைக்காக எழுதினார். ஊர்ப்புறத்தில் ஒலிப்பதிவுக் கருவி காணக்கிடைக்காத காலத்தில் மேடைப்பாட்டு மலைக்காற்றோடு கலந்தது. ஆயினும் அந்தப் பழக்கம் தம்பியரிடம் தங்கியது. அவர்கள் வழியே நம்மிடம் வந்திருக்கிறது.

என் செய்தியையும் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரி விழாவின் இசைப்போட்டியில் அப்பத்தாவின் நடவுப்பாட்டு மெட்டொன்றை மின்கித்தாரில் வாசித்தேன். மரபிசையிலும் சேராது, மேலை இசையிலும் சேராது என்று சொல்லி நடுவர்கள் அதைப் போட்டியிலிருந்தே நீக்கிவிட்டார்கள். அன்று எனக்குச் சொல்ல விடை இல்லை, இன்று உண்டு. அந்த மெட்டு இரண்டு வகுப்பிலும் சேர வேண்டிய தேவையில்லை. மூணாற்று மலையில் அதைக் கேட்டுத் தலையசைக்க ஒரு தலைமுறை இருக்கிறது. அவர்களே அதன் நடுவர்கள்.

பாடுவதற்குப் பொருள் இல்லாமற் போயிற்றா? 2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைத் தொழிலாளர் பெண்கள், போனசுக்காகவும் கூலிக்காகவும், பெரிய சங்கங்களின் தலைமையை விலக்கிவிட்டுத் தாமே தெருவில் அமர்ந்தார்கள். பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் பொம்பிளை ஒருமை என்ற பெயர் நாடெங்கும் பரவியது. 2020 ஆகஸ்டு 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 உயிர்கள் போயின, தமிழ்க் குடும்பங்கள். அந்தப் பெண்களின் துணிவுக்கும் இந்த மக்களின் மறைவுக்கும் வரதராசன் இருந்திருந்தால் மறுநாளே பாட்டுக் கட்டியிருப்பார். இன்று கட்ட வேண்டியவர் யார்? நாம்தாமே!

வழிகாட்டுவோரும் இல்லாமலில்லை. திருவனந்தபுரத்தில் 2003இல் தோன்றிய அவியல் என்ற குழு மலையாள நாட்டுப்பாட்டை ராக் இசையில் வார்த்தது. பாலக்காட்டு மாவட்டம் அட்டப்பாடியைச் சேர்ந்த நஞ்சியம்மாள், ஆடுமாடு மேய்த்தபடி தம் இருளர் மொழியில் பாடி வந்தவர். 2020இல் வெளிவந்த 'ஐயப்பனும் கோஷியும்' படத்தில் அவர் பாடினார். 2022இல் அறிவிக்கப்பட்ட தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த பின்னணிப் பாடகி விருது அவரைத் தேடி மலையேறியது. இசைப்பள்ளியில் படிக்காதவருக்கு இவ்விருதா என்று அப்போதும் சிலர் கேட்டார்கள். ஆர்மோனியத்தைத் தள்ளிய அதே கேள்வி அது. அதற்கு மக்களின் செவி எப்போதோ விடை சொல்லிவிட்டது.

மன்றத் தோழர்களே! நம்முள் கம்பத்துக்காரர் இருக்கிறீர்கள், சித்தூர்க்காரர் இருக்கிறீர்கள், பீர்மேட்டுக்காரர் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டிலும் ஓர் அப்பத்தாவோ அம்மாச்சியோ பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வரதராசனின் காலத்தில் இல்லாத ஒலிப்பதிவுக் கருவி இன்று நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, ஒருவர் ஒரு பாட்டைப் பதிவு செய்துகொண்டு வாருங்கள். பாடியவர் யார், எந்த வேலையின்போது பாடியது, எந்த ஊரிலிருந்து மலையேறிய மெட்டு என்பவற்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். அவற்றை மன்றத்தில் திரட்டி வைப்போம். பின்னர் அந்த மெட்டுகளில் நம் காலத்துச் சொல்லை வைப்போம். பறை வாசிப்பவர் பறையோடு வரட்டும்; ஆர்மோனியம் தெரிந்தவர் பெட்டியோடு வரட்டும். கித்தாரோடு நான் வருகிறேன்.